பத்தொன்பதாவது கோழி

ஒரு காலத்தில் ஸாக்ரோஸ் மலைகளில் பெண்கள் கம்பளம் நெய்தார்கள். கீழே ஷிராஸ் நகரத்தில் ஆண்கள் அதற்கு அர்த்தம் சொன்னார்கள். வேலை அப்படிப் பிரிந்திருந்தது. யார் பிரித்தது என்று யாரும் கேட்கவில்லை.

அர்த்தம் சொல்வதில் மீர்ஸா சாதிக்கை மிஞ்ச நகரத்தில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் ஒருமுறை விரிசல் விட்டது. மீர்ஸா அதற்கு மூன்று அர்த்தம் சொன்னார். சுவர் விழுந்த பிறகு நான்காவதும் சொன்னார்.

பேசும்போது யாராவது குறுக்கே வாயெடுத்தால் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். பொறு என்று பொருள். அந்த விரலைப் பார்த்து அவர் வீட்டில் எத்தனையோ வாக்கியங்கள் பாதியிலேயே நின்றிருக்கின்றன. பெரும்பாலும் அவர் மனைவியின் வாக்கியங்கள்.

மனைவி ஸர்பானு மலைக்குடிப் பெண். கல்யாணமாகி வந்தபோது ஒரு கோவேறு கழுதையில் அவள் வந்து இறங்கினாள், இன்னொன்றில் ஒரு கம்பளம் வந்து இறங்கியது. அது நடந்து இருபத்திரண்டு வருடம். அன்றிலிருந்து அந்தக் கம்பளம் கூடத்தில்தான் கிடந்தது. சிவப்புத் தரையில் பத்தொன்பது பறவைகள். பதினெட்டு இடப்பக்கம் பார்த்து நின்றன. ஒன்று மட்டும் வலப்பக்கம் பார்த்தது.

மீர்ஸா தினமும் அவற்றின் மேல் உட்கார்ந்துதான் தேநீர் குடித்தார். ஒருநாள் தேநீர் சிந்தியது. துடைக்க ஆள் வரும்வரை சும்மா இருக்க வேண்டியிருந்ததால் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அந்தப் பறவை கண்ணில் பட்டது.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தார். நாற்பத்தொரு பக்கம் வந்தது.

கம்பளம் இருநூறு வருடப் பழமையானது. நெய்தவர் பெயர் தெரியாத ஒரு ஞானி. பறவைகள் ஆன்மாக்கள். பதினெட்டு ஆன்மாக்கள் உலகத்தைப் பார்க்கின்றன, ஒன்று படைத்தவனைத் திரும்பிப் பார்க்கிறது. குறையின்மை இறைவன் ஒருவனுக்கே உரியது என்பதால் ஞானி வேண்டுமென்றே அந்தப் பிழையை வைத்தார். இப்படிப் போனது நூல்.

வெள்ளிக்கிழமை சபையைத் தன் வீட்டிலேயே கூட்டி வாசித்தார். பெரியவர்கள் அழுதார்கள். ஒருவர் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

சபை கலைந்ததும் மீர்ஸா உள்ளே போனார்.

“எதற்குச் சிரித்தாய்?”

“அது ஆன்மா இல்லை. கோழி.”

“பாமரக் கண்ணுக்குக் கோழி போலத் தெரியும்.”

“கோழி கோழி போலத்தானே தெரியும்? அதை நெய்தது—”

விரல் உயர்ந்தது.

“நெய்தவர் மண்ணோடு மண்ணாகி இருநூறு வருடம் ஆகிறது. அவர் மனதில் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

ஸர்பானு அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பையை எடுத்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையும் வைத்துக் கட்டினாள். கூடத்துக்குப் போய்க் கம்பளத்தைச் சுருட்டி அதையும் பக்கத்தில் வைத்தாள்.

“எங்கள் மலைக்குப் போங்கள். அந்தக் கோழி ஏன் திரும்பியது என்று நெய்தவளைக் கேட்டுவிட்டு வாருங்கள்.”

“இறந்துபோனவரையா?”

“கேட்டுவிட்டு வாருங்கள். கேட்காமல் வந்தால் கதவு திறக்காது.”

“இது என் வீடு, ஸர்பானு.”

“இருக்கட்டும். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது.”

மீர்ஸா தர்க்க சாஸ்திரம் கற்றவர். இதற்கு மறுப்புத் தேடினார். கிடைக்கவில்லை. கோவேறு கழுதைக்குச் சேணம் கட்டினார்.

நான்காம் நாள் மலைக்குடிகளின் கூடாரங்கள் தெரிந்தன. ஆட்டுமயிரில் நெய்த கறுப்புக் கூடாரங்கள், பதினொன்று. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. இன்னும் ஏழு நாளில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு மேல்மலைக்குப் போய்விடுவார்கள். போனால் குளிர் தொடங்கும்வரை யாரையும் பிடிக்க முடியாது.

முதல் கூடாரத்துக்கு முன்னால் இரண்டு பெண்கள் நெய்துகொண்டிருந்தார்கள். தறி நிற்கவில்லை, தரையில் படுத்திருந்தது. மண்ணில் நான்கு முளை அடித்து, இரண்டு கட்டைகளை இழுத்துக் கட்டி, நடுவே நீளவாக்கில் பாவு நூல் ஓடியது. இடம் மாறும்போது முளைகளைப் பிடுங்குவார்கள், நெய்த வரைக்கும் சுருட்டிக் கழுதைமேல் போடுவார்கள். அடுத்த இடத்தில் மறுபடி அடித்து, விட்ட முடிச்சிலிருந்து தொடங்குவார்கள். மாதிரிப் படம் எதுவும் அவர்களிடம் கிடையாது. எல்லாம் எண்ணிக்கை. சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று, சிவப்பு நான்கு என்று உதடு அசைந்துகொண்டே இருக்கும், கை அதன் பின்னால் போகும்.

இருவரில் இளையவள் மாஹ்பீபி. ஸர்பானுவின் சித்தப்பா மகள், முப்பது வயது. அந்தப் பதினொரு கூடாரத்திலும் அவளைப் போல நெய்பவள் இல்லை. மற்றவள் அவளுடைய ஓரகத்தி ஆஃப்தாப், பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நெய்வதில் இரண்டாமிடம். பேச்சில் முதலிடம்.

மீர்ஸா தன்னை யாரென்று சொல்ல வாயெடுத்தார்.

“வாங்க மாப்பிள்ளை,” என்றாள் ஆஃப்தாப் தலையைத் தூக்காமலே. “இருபத்திரண்டு வருடத்தில் வழியைக் கண்டுபிடித்துவிட்டீர்களே.”

மீர்ஸா கம்பளத்தை அவிழ்த்து விரித்தார். மாஹ்பீபி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பறவைகளை அவள் பார்க்கவில்லை. ஓரத்தைப் பிடித்துப் புரட்டி, பின்பக்கத்து முடிச்சுகளை விரலால் தடவினாள். உடனே சிரித்தாள்.

“என்னடி?” என்றாள் ஆஃப்தாப்.

“அந்தக் கோழி.”

ஆஃப்தாப்பும் எழுந்து வந்து பார்த்தாள். அவளும் சிரித்தாள்.

மீர்ஸா பொறுமையாக நின்றார். “இந்தப் பறவை திரும்பி நிற்கும் ரகசியத்தை அறிய வந்திருக்கிறேன். யாரிடம் கேட்கலாம்?”

“நெய்தவளிடம் கேட்க வேண்டியதுதானே?” என்றாள் மாஹ்பீபி.

மீர்ஸாவுக்கு உடம்பு சிலிர்த்தது. காகிதமும் பேனாவும் எடுத்தார். ‘அனைத்தையும் நெய்தவனிடமே கேள்’ என்று எழுதினார். அவள் சொன்னது நெய்தவள். எழுதும்போது அது நெய்தவன் ஆகிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

எழுதி முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நீங்கள் சாதாரணப் பெண் இல்லை. என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ள வேண்டும், உஸ்தாத்.”

மாஹ்பீபி ஓரகத்தியைப் பார்த்தாள். “என்ன கேட்கிறார்?”

“வேலை கேட்கிறார்,” என்றாள் ஆஃப்தாப். “கம்பளி சிக்கெடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றாயே.”

மீர்ஸா சாதிக் அப்படிச் சீடரானார்.

காலையில் கம்பளியைச் சிக்கெடுத்தார். மதியம் சாயம் காய்ச்ச மஞ்சிட்டி வேர் இடித்தார். மற்ற நேரமெல்லாம் தறிக்குப் பின்னால் உட்கார்ந்து குரு சொல்வதை எழுதிக்கொண்டார்.

“முளை தடுக்கும், பார்த்து வாருங்கள்,” என்றாள் குரு.

‘உலகப் பற்று என்னும் முளை’ என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதினார். எழுதிக்கொண்டே எழுந்து நடந்தார். தடுக்கி விழுந்தார்.

“அந்த மோர் கெட்டுவிட்டது, குடிக்காதீர்கள்,” என்றாள் குரு மறுநாள்.

மீர்ஸா இதை வெகுநேரம் யோசித்தார். கெட்டது எது, நல்லது எது, குடிப்பவன் யார். யோசித்தபடியே குடித்துவிட்டார். அன்று பிற்பகல் முழுவதும் அவர் யார் கண்ணிலும் படவில்லை.

மாஹ்பீபிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் மறுபடியும் சொல்லப் பார்த்தாள்.

“மீர்ஸா, அந்தக் கம்பளத்தை நெய்தது உங்கள்—”

விரல் உயர்ந்தது.

“வேண்டாம், உஸ்தாத். எளிதில் கிடைக்கும் உண்மை மனதில் தங்காது.”

“தங்கும். நன்றாகவே தங்கும். அது ஸர்—”

விரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“முதலில் என் பாத்திரம் நிரம்பத் தகுதியாகட்டும்.”

“நிரம்பித்தான் வழிகிறது,” என்றாள் ஆஃப்தாப். “அதுதான் தொந்தரவு. மாஹ்பீபி, என்றைக்காவது முளை அடிக்கும்போது அந்த விரலைச் சேர்த்து அடித்துவிடுவேன். அப்புறம் என்மேல் கோபப்படாதே.”

நான்காம் நாள் விவாதம் பறவையைப் பற்றி வந்தது. மரணத்தைக் கடந்து பறக்கும் ஆன்மப் பறவை அது என்றார் மீர்ஸா.

“கோழி பறக்காதே,” என்றாள் மாஹ்பீபி.

“அதனால்தான் சொல்கிறேன், அது கோழி இல்லை.”

“அதனால்தான் நானும் சொல்கிறேன், அது பறக்கவில்லை. நிற்கிறது. கூடாரத்துக்குப் பின்னால் எட்டு மேய்கிறது. போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.”

“சரி, உருவம் கோழி என்றே வைத்துக்கொள்வோம். வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்தாரே, அந்தப் பணிவை என்ன சொல்வது?”

மாஹ்பீபி முடிச்சை இழுத்துக் கத்தியால் நூலை வெட்டினாள். “ஆஃப்தாப், நீ வேண்டுமென்று தப்புச் செய்வாயா?”

“எனக்கு வேண்டாமலே வருகிறது. அதற்கென்று தனியாக உழைக்கணுமா?”

“ஆனால் சபையில் எல்லோரும் அழுதார்களே,” என்றார் மீர்ஸா.

“அழுதவர்களில் யாராவது நெய்கிறவர்கள் உண்டா?”

மீர்ஸா யோசித்துப் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஆனாலும் இதற்கும் ஒரு விளக்கம் அவரிடம் இருந்தது. அதைச் சொன்னார். சாயங்காலம் வரை சொன்னார்.

ஏழாம் நாள் காலையிலிருந்தே பாத்திரங்கள் மூட்டையாகத் தொடங்கின. மறுநாள் கூடாரம் பிரிக்கிறார்கள். மீர்ஸா அன்று எழுதவில்லை. மைக்கூட்டை மூடி வைத்துவிட்டுச் சிக்கெடுத்த கம்பளியையே மறுபடி சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன, சத்தத்தைக் காணோம்?” என்றாள் மாஹ்பீபி.

“நாளைக்கு நீங்கள் போய்விடுவீர்கள். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கதவு திறக்காது.”

“எந்தக் கதவு?”

“வீட்டுக் கதவு.”

“அதற்கு என்ன அர்த்தம்?”

“அர்த்தம் ஒன்றும் இல்லை. மரக் கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது.” கம்பளியைக் கீழே வைத்தார். “நான் வெளியே எவ்வளவு நேரம் நின்றாலும் அவள் திறக்க மாட்டாள். சொன்னால் சொன்னதுதான். எனக்கு அவள் இல்லாமல் தேநீர்கூடப் போடத் தெரியாது. இல்லை, தேநீர் ஒரு விஷயம் இல்லை. தேநீரைப் போட்டுக்கொள்ளலாம்.”

ஆஃப்தாப் முதல்முறையாக அவரைக் கேலி செய்யாமல் பார்த்தாள். ஏழு நாளில் அவர் சொன்னதில் ஒன்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மாஹ்பீபி இரும்புச் சீப்பால் நெய்த வரிசையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“உங்கள் நாற்பத்தொரு பக்கத்தை எடுத்து வாருங்கள்.”

“எதற்கு?”

“என் பின்னால் உட்கார்ந்து வாசியுங்கள். நான் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.”

“ஐயோ, மாஹ்பீபி,” என்றாள் ஆஃப்தாப்.

மாஹ்பீபி ஒரு கோழியைத் தொடங்கினாள். முதலில் கால், பிறகு வயிறு, அதன் மேல் ஒரு பக்கம் கழுத்தும் மறுபக்கம் வாலும் எழ வேண்டும். கோழி அப்படித்தான் கீழிருந்து வளரும். மீர்ஸா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று. பிரபஞ்சத்தின் பாவு நூலானது. சிவப்பு நான்கு, வெள்ளை ஒன்று. ஆன்மாவின் ஊடு நூலோடு கலக்குமிடத்தில். நான்காம் பக்கத்தில் மாஹ்பீபியின் உதடு கொஞ்சம் தடுமாறியது. ஏழாம் பக்கத்தில் ஆஃப்தாப் நூலைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். பத்தாம் பக்கத்தில் மீர்ஸாவின் குரல் சூடு பிடித்தது.

பன்னிரண்டாம் பக்கத்தில், இந்த மனிதன் மூச்சு விடுகிறானா என்று மாஹ்பீபி தலையைத் திருப்பிப் பார்த்தாள். கை நிற்கவில்லை. அது தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே போனது.

தலையைத் தறிப்பக்கம் திருப்பி, இன்னும் சில வரிசை போட்டாள். பிறகு சொன்னாள்:

“போதும். வந்து பாருங்கள்.”

மீர்ஸா முளையைச் சுற்றிக்கொண்டு கவனமாக வந்தார். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வால் இருந்தது. வால் இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து. தறியில் ஏற்கெனவே நெய்திருந்த கோழிகளெல்லாம் இடப்பக்கம் பார்த்தன. இது வலப்பக்கம் பார்த்தது.

மீர்ஸா தன் கம்பளத்தைப் பார்த்தார். தறியைப் பார்த்தார். மறுபடி கம்பளத்தைப் பார்த்தார்.

“நெய்தவர் எண்ணிக்கையைத் தவறவிட்டிருக்கிறார்.”

“ஆமாம்.”

“தலையைத் திருப்பியிருக்கிறார்.”

“ஆமாம்.”

“பின்னால் யாரோ பேசியிருக்கிறார்கள்.”

“நிறையப் பேசினார்கள்.”

விரல் எழவில்லை. “யார்?”

“எனக்கு அப்போது எட்டு வயது,” என்றாள் மாஹ்பீபி. “ஷிராஸிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் கம்பளி வாங்க வந்தார்கள். அப்பா கம்பளியைப் பார்த்தார். மகன் பேசினான். மூன்று நாள்.”

“எதைப் பற்றி?”

“எல்லாவற்றையும் பற்றி,” என்றாள் ஆஃப்தாப். “எங்கள் நாய் இரண்டாம் நாளே மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கூடாரங்களுக்குப் போய்விட்டது. கடைசிவரை திரும்பி வரவே இல்லை.”

மீர்ஸா மெல்ல உட்கார்ந்தார். அப்பாவோடு கம்பளி வாங்க வந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பேச்சு அருமையாக அமைந்த நாட்கள் அவை. என்ன பேசினோம் என்பதுகூட ஞாபகம் இருந்தது. யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் ஞாபகத்தில் இல்லை.

“நெய்தவள்?” என்று கேட்டார். நெய்தவர் என்று இம்முறை சொல்லவில்லை.

“அந்த மகனையே கட்டிக்கொண்டாள்.”

“நாங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னோம்,” என்றாள் ஆஃப்தாப்.

மீர்ஸா கம்பளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இன்னொன்றும் இருக்கிறது,” என்றாள் மாஹ்பீபி. “அந்தக் கோழியைப் பார்த்துவிட்டு என் பெரியம்மா அதை அவிழ்க்கச் சொன்னாள். ஒரு கோழிதான். அரைப் பகல் வேலை. அக்கா முடியாது என்றாள். அப்போதெல்லாம் அவள் பெரியம்மா சொல்லைத் தட்டியதே கிடையாது. அன்றைக்குத் தட்டினாள்.”

“ஏன்?”

“கோழி ஏன் திரும்பியது என்று கேட்க வந்தீர்கள். காட்டிவிட்டேன். ஏன் அவிழ்க்கவில்லை என்பது வேறு கேள்வி. அது எனக்குத் தெரியாது.”

“யாரைக் கேட்பது?”

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

மீர்ஸா தன் குறிப்புகளை எடுத்து முதல் நாள் எழுதிய முதல் வரியைத் தேடினார். அதில் ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினார்.

பிறகு தறியிலிருந்த கோழியைக் காட்டினார். “என்னால் வந்தது. நானே அவிழ்க்கட்டுமா?”

“அவிழுங்கள்,” என்றாள் மாஹ்பீபி. “நான் யாரையும் புதிதாகக் கட்டிக்கொள்ளப் போவதில்லை.”

ஊசி முனையால் ஒவ்வொரு முடிச்சாக எடுத்தார். பேசாமல் எடுத்ததால் அரைப் பகலுக்கு முன்பே முடிந்தது. கோழி இருந்த இடத்தில் வெறும் பாவு தெரிந்தது. அவிழ்ப்பது இவ்வளவு எளிதா என்று அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஃப்தாப் நாற்பத்தொரு பக்கத்தையும் கையில் எடுத்து மடக்கிப் பார்த்தாள். “நல்ல கெட்டிக் காகிதம். இதை உள்ளே வைத்து நூலைச் சுற்றினால் வழியில் சிக்காது.”

“எடுத்துக்கொள்ளுங்கள்.”

“நிஜமாகவா மாப்பிள்ளை?”

“எதையாவது தாங்கட்டும்.”

மறுநாள் மலைக்குடிகள் மேலே ஏறினார்கள். மீர்ஸா கீழே இறங்கினார்.

நான்காம் நாள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“யாரது?”

“சாதிக்.”

“நெய்தவளைக் கேட்டீர்களா?”

“இன்னும் இல்லை.”

“கேட்காமல் வந்தால் கதவு திறக்காது என்று சொன்னேனே.”

“கதவு திறக்காமல் எப்படிக் கேட்பது?”

மீர்ஸாவின் தர்க்கத்தில் ஸர்பானுவுக்கு ஓட்டை கிடைக்காமல் போனது அதுவே முதல்முறை. தாழ்ப்பாள் விலகியது.

அவர் கம்பளத்தைக் கூடத்தில் விரித்தார். ஓரத்தில், கோழிகள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“புத்தகம் எங்கே?”

“ஆஃப்தாப் நூல் சுற்றுகிறாள்.”

“வெள்ளிக்கிழமை வருவார்களே. என்ன சொல்வீர்கள்?”

“கோழி என்று சொல்வேன்.”

“அழுதார்களே, பாவம்.”

“வேண்டுமானால் இன்னொரு தடவை அழட்டும்.”

ஸர்பானு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

“உன் அம்மா அவிழ்க்கச் சொன்னாளாமே. நீ ஏன் அவிழ்க்கவில்லை?”

“மூன்று நாளாகப் பேசினீர்கள். கோபத்தில்தான் திரும்பினேன், வாயை மூடுங்கள் என்று சொல்ல. நான் திரும்பியதும் நீங்களே நிறுத்திவிட்டீர்கள்.”

விரல் பழக்கத்தில் பாதி எழுந்தது. மறு கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தறியைப் பார்த்தீர்கள். அது என்ன என்று என்னிடம் கேட்டீர்கள். கீழேயிருந்து வருகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்டது கிடையாது. நாங்கள் நெய்வது என்ன என்று எங்களுக்கே சொல்லிவிட்டுப் போவார்கள். நான் கோழி என்றேன்.”

மீர்ஸா பத்தொன்பதாவது கோழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு முயன்றும் ஞாபகம் வரவில்லை.

“அதற்கு நான் என்ன சொன்னேன்?”

“‘நல்ல கோழி’ என்றீர்கள்.”